23 பேருக்குப் பினாங்கில் ஒரு வீடு

பினாங்கு நம்மவர்களுக்குப் புதிய ஊர் அல்ல. தைப்பூசம் என்றால் தண்ணீர்மலை. வேண்டுதல் என்றால் தண்ணீர்மலை. மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வேண்டுமென்றால் லிட்டில் இந்தியா. நம் தோட்டங்களில் ஒரு முறையாவது பினாங்குக்குப் போகாத குடும்பம் இருக்காது. ஆனால், போய் வந்தவர்களிடம் "ராத்திரி எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தலில், வேனுக்குள், கோயில் வாசலில் பாய் விரித்து என்றுதான் பதில் வரும். நானும் அந்த ரகம்தான். நாற்பது வயதைத் தாண்டியும் பினாங்கில் ஒரு கதவைத் தாழிட்டுப் படுத்த இரவு எனக்கு இருந்ததில்லை.

எங்கள் தோட்டம் தெலுக் இந்தான் பக்கம் இருக்கும் செம்பனைத் தோட்டம். அங்கிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். காலையில் போய் இரவே திரும்பினால் பிள்ளைகள் பார்ப்பது நெடுஞ்சாலையைத்தான். பள்ளி விடுமுறையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து மூன்று இரவு தங்கி வரலாம் என்று பேச்சு எழுந்தது. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுப் பணம் போட்டோம். வீடு பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். "டீச்சரம்மா படிச்சவங்க, அவங்களே பார்க்கட்டும்" என்றார்கள்.

படித்தவள் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பத்து பிரிங்கியில் கடலைப் பார்த்த வீடு, ஐந்து அறை, நீச்சல் குளம். வாடகையோ மற்ற இடங்களில் கேட்டதில் பாதி. "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே முன்பணம் போட்டால் உங்களுக்கு" என்று செய்தி. குளத்தைப் பார்த்த பிள்ளைகள் என் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. ஏதோ ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்கு 800 வெள்ளி அனுப்பினேன். மறுநாள் அந்த எண் பேசவில்லை. அதற்கு மறுநாள் படமும் இல்லை.

அது என் பணம் மட்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வெயிலில் குலை வெட்டியவர்களும் உதிரிப் பழம் பொறுக்கியவர்களும் சேர்த்த பணம். நான்கு வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நான்கு மாதச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மண்டோர் வீட்டு அக்கா மட்டும் தன் பங்கை வாங்க மறுத்துவிட்டார். "எங்க பேச்சைக் கேட்டுத்தானே நீங்க அவசரப்பட்டீங்க" என்றார்.

அப்போது எனக்குத் தெரியாத இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பணம் அனுப்புமுன் அந்த வங்கிக் கணக்கு எண்மீது ஏற்கெனவே புகார் உண்டா என்று போலீஸின் 'செமாக் மியூல்' என்ற சேவையில் பார்க்கலாம். ஏமாந்தது தெரிந்த உடனேயே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022இல் தொடங்கிய மோசடித் தடுப்பு மையம் அது. பணம் கைமாறுவதற்குள் நிறுத்த முடிந்தால் உண்டு. நான் செய்தது போல் இரண்டு நாள் அழுதுவிட்டுப் போனால் இல்லை.

மறு வருடம் மீண்டும் பேச்சு எழுந்தபோது ஒரே நிபந்தனை போட்டேன்: கண்ணால் பார்க்காத வீட்டுக்குக் காசு இல்லை. ஒரு சனிக்கிழமை, நானும் என் வீட்டுக்காரரும் அதிகாலையில் கிளம்பினோம். பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டு ஃபெரி ஏறினோம். கார் ஏற்றிய பழைய ஃபெரிகள் ஓய்ந்துவிட்டன. 2023இலிருந்து ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். கார் போக வேண்டுமென்றால் பாலம். 1985இல் திறந்த முதல் பாலமும் 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் இருக்கின்றன.

முதலில் பார்த்தது ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்று. 2008இல் யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்த பகுதிக்குள் இருந்தது. அழகைச் சொல்லி மாளாது! முன்னால் ஐந்தடி நடைபாதை, உள்ளே வானம் பார்த்த முற்றம், காலுக்குக் குளுகுளு என்று பழைய ஓடு பாவிய தரை. 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். நான் மயங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் மாடிப்படியைக் காட்டினார். ஏணி மாதிரி நிற்கிற மரப்படி. படுக்கும் அறைகள் மேலே, கழிவறை இரண்டும் கீழே. எங்கள் கூட்டத்தில் 81 வயதுப் பாட்டி ஒருவர் உண்டு. முப்பது வருஷத்துக்குமேல் ரப்பர் மரம் சீவி முழங்கால் தேய்ந்தவர். ராத்திரியில் மூன்று முறை எழுந்திருப்பார். அந்த வீடு அங்கேயே விழுந்துபோயிற்று.

அடுத்து பத்து பிரிங்கி. 'பிரிங்கி' என்பது நம் 'பறங்கி'தான். பறங்கிப் பாறை என்று பொருள். (ஆசிரியை புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) பதினெட்டாவது மாடியில் அடுக்குமாடி வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் ஒரு வீட்டில் எட்டுப் பேருக்குமேல் தங்கக் கூடாதாம். மூன்று வீடு எடுத்தால் மூன்று மாடியில் பிரிந்து கிடக்க வேண்டும். பிறகெதற்குக் கூட்டமாகப் போவது?

அதோடு, கீழே காவலாளி எங்களைப் பார்த்த பார்வையும் சரியில்லை. விசாரித்தபோது காரணம் புரிந்தது. பினாங்குத் தீவில் அடுக்குமாடிக் குடியிருப்பு வீடுகளை இப்படி நாள் வாடகைக்கு விடக்கூடாது என்று மாநில அரசு 2023இல் வழிகாட்டி வகுத்திருக்கிறது. வணிக வகையில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்றவற்றை மட்டும், கட்டட நிர்வாகத்தின் சம்மதம் பெற்று, மாநகர் மன்றத்தில் பதிந்து விடலாம். கட்டட நிர்வாகமே இத்தகைய வாடகையைத் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றமும் 2020இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரர் "யாராவது கேட்டால் எங்கள் சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள்" என்றாரே, அந்த ஒரு வார்த்தை போதும், திரும்பி நடந்துவிடலாம். பெட்டி படுக்கையோடு 23 பேர் வாசலில் நின்று பொய் சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிறவள் நான்.

கடலோரத்தை வேண்டாம் என்றதற்கு எங்கள் கூட்டத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் பினாங்கில். அந்த நாளை மறக்காத ஒருவர், "கடலைப் பார்க்கலாம், பக்கத்தில் படுக்க வேண்டாம்" என்றிருந்தார்.

மூன்றாவது வீடு தஞ்சோங் பூங்காவில், சாலையிலிருந்து சற்று உள்ளே இருந்த பழைய பங்களா. மன்றத்தின் உரிமம் பெற்ற விருந்தினர் இல்லம். உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நீச்சல் குளம் இல்லை. சுவரில் வெள்ளையடித்துப் பல வருஷம் இருக்கும். ஆனால் ஏழு அறை, அதில் மூன்று தரைத்தளத்தில். ஐந்து கழிவறை. நான் ஒவ்வொன்றிலும் தண்ணீர் திறந்து பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 23 பேர் வரிசையில் நிற்பதை மனத்தில் ஓட்டிப் பார்க்காமல் வீடு எடுப்பவர்கள் பிறகு வருந்துவார்கள்.

பார்த்துக்கொள்ளும் சீன அம்மையாரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டேன். பின்கட்டில் சமைக்கலாமா? சமைக்கலாம், சம்பால் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள் என்றார். இரவு எத்தனை மணி வரை பேசலாம்? பதினொன்று. குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பீர்களா? அறைக்குத்தான் வாடகை, தலைக்கு இல்லை. தலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று இரவுக்கு மொத்தம் 2,730 வெள்ளி. சம்பாதிக்கும் பெரியவர்கள் 14 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 195. முன்பணத்தை அங்கேயே கட்டி, முத்திரையிட்ட ரசீதை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.

புறப்பட்ட நாள் ஒரு வேன், மூன்று கார். வேனில் பாட்டி முன் ஆசனத்தில். பாலத்தின்மேல் ஏறியதும் இடது பக்கம் பச்சையாக ஒரு தீவு தெரிந்தது. "அதுதான் ஜெரஜாக், பாட்டி" என்றேன்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. அவர் தோட்டத்திலே பிறந்தவர். அவருடைய தாயார், சிறு பெண்ணாக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். தொற்றுநோய்ப் பயத்தால், வந்தவர்களைக் கரையில் விடாமல் அந்தத் தீவில் தடுத்து வைத்துப் பார்த்துத்தான் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். (அதே தீவு 1969இலிருந்து 1993 வரை சிறையாகவும் இருந்தது.) வேன் பாலத்தின் பாதியைக் கடந்த பிறகு பாட்டி சொன்னார்: "எங்கம்மா பினாங்குல தங்குனது அங்கதான். உடுத்துன துணியெல்லாம் வாங்கி ஆவியில போட்டாங்களாம். அந்தப் புடவை அப்புறம் சுருங்கிப்போச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு." டிரைவர் தம்பி வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

வீட்டில் அன்று மாலையே ஒரு பிரச்சினை. பின்கட்டுச் சமையலறையைக் கண்டதும் நம் பெண்கள் அரிசி களைய உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் சமைப்பதையே இங்கும் வந்து சமைத்தால் விடுமுறை யாருக்கு? மண்டோர் அண்ணன் தாமாகவே தீர்ப்புச் சொன்னார்: காலைப் பசியாறலும் இரவுச் சோறும் மட்டும் வீட்டில், பகலுக்கு நாசி கண்டார் கடை, பாத்திரம் கழுவுவது ஆண்கள் முறை. முதல் நாள் கழுவிய பாத்திரங்களை நான் யாருக்கும் தெரியாமல் மறுபடி கழுவினேன் என்பது வேறு விஷயம்.

மறுநாள் கொடிமலை. வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வெக்கைக்குத் தப்பித் தங்கிய பங்களாக்கள் இன்னும் மேலே நிற்கின்றன. 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்குமுன், அவர்களை டோலியில் தூக்கிச் சுமந்தார்கள் கூலியாட்கள். விடுமுறை வீடு என்பதே அந்தக் காலத்தில் துரைமார் சமாச்சாரம். முன்பெல்லாம் பாதி மலையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2011இல் வந்த புது வண்டி நேரே மேலே கொண்டுபோய் விடுகிறது. பாட்டி ஓர் அடி ஏறாமல் உச்சிக்கு வந்து, காற்றுக்கு முக்காடு போட்டுக்கொண்டு, "துரைங்க நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கானுங்க" என்றார்.

கடலுக்கும் போனோம். இந்தப் பக்கத்துக் கடலில் ஜெல்லி மீன் தொல்லை உண்டு. கொட்டிவிட்டால் கையால் தேய்க்காமல் வினிகர் ஊற்றி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு போத்தல் கொண்டு போயிருந்தோம். நல்ல வேளை, ஊறுகாய்க்குத்தான் பயன்பட்டது.

மூன்றாம் நாள் தண்ணீர்மலை. இளையவர்கள் 513 படியேறி, 2012இல் திறந்த மலைக்கோயிலுக்குப் போனார்கள். பாட்டியும் நானும் கீழே செட்டியார் கோயிலில் உட்கார்ந்திருந்தோம். கூட்டமில்லாத நாளில் அந்தக் கோயிலைப் பாட்டி அப்போதுதான் பார்க்கிறாராம். தூண் தூணாகத் தொட்டுப் பார்த்தார்.

அன்றிரவு நாலரை மணிக்கு விழிப்பு வந்து எழுந்தேன். முன்கூடத்தில் விளக்கு எரிந்தது. பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம். பாட்டி குளித்து முடித்து, புடவை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏன் பாட்டி, இன்னும் கொஞ்சம் படுக்கலாமே?"

"எழுப்ப யாரும் இல்லன்னா தூக்கமும் வரமாட்டேங்குது டீச்சரம்மா. சும்மா உக்காந்து பாக்குறேன். நல்லாத்தான் இருக்கு."

காலையில் சாவியை ஒப்படைத்தோம். கட்டியிருந்த பிணைப்பணம் 300 வெள்ளியில், உடைந்த கண்ணாடிக் குவளைக்கு 6 வெள்ளி பிடித்துக்கொண்டு மீதி 294ஐ எண்ணிக் கொடுத்தார் அந்த அம்மையார். அதைப் பிரிக்க வேண்டாம், அடுத்த வருடக் கூட்டில் போட்டு வை என்று எல்லோரும் சொன்னார்கள். மண்டோர் வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, அன்று வாங்க மறுத்த தன் பங்கையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.