தீவுக்கு எப்போது வருவது?

விடுதியில் என் அறைக்கு வரும் நண்பர்கள் அனைவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் ஊர்ப் பக்கத்தில் பூவாற்றுத் தீவு இருக்கிறதாமே! அதைப் பார்க்க எந்த மாதம் வந்தால் நல்லது?" என்பதே அக்கேள்வி. முன்பெல்லாம் இதற்கு விடை சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். "டிசம்பர் பிறந்ததும் வா, பிப்ரவரி முடிவதற்குள் வா" என்பேன். சுற்றுலா நூல்கள் சொல்லுவதும் அதுதான். இப்போது அவ்வாறு சட்டென்று சொல்ல என் நா எழுவதில்லை. அதன் காரணத்தை நம் சங்க இதழில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. எழுதுகிறேன்.

என் ஊர் பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. என் பாட்டா அப்போது சிறு பையன். முதல்நாள் இரவு திருவிதாங்கூர்–கொச்சியில் படுத்தவர் மறுநாள் கேரளத்தில் எழுந்தார். களியக்காவிளைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காள் சென்னை மாநிலத்தில் எழுந்தாள். அதன் பிறகும் எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையின் இரு புறத்திலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். ஒன்றில் பங்குனி என்றிருக்கும். மற்றொன்றில் மீனம் என்றிருக்கும். ஒன்றில் ஐப்பசி, மற்றொன்றில் துலாம். வெளியூர் நண்பர்கள் இதைக் கண்டு நகைப்பார்கள். "பெயர் இரண்டானாலும் பெய்கிற மழை ஒன்றுதானே மக்களே" என்பார் பாட்டா.

நிற்க. பூவாற்றுத் தீவு என்று பலரும் சொன்னாலும், கடல் நடுவில் தனித்து நிற்கும் தீவு அன்று அது. அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலைச் சேர்கிறது. சேருமிடத்தில் ஆறு அகன்று காயலாகக் கிடக்கிறது. காயலின் நடுவே தென்னையும் அலையாத்திச் செடிகளும் அடர்ந்த திட்டுகள் உள்ளன. படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய தங்கும் விடுதிகள் சில அங்கே உண்டு. காயலுக்கும் கடலுக்கும் இடையே நீண்ட மணல்மேடு ஒன்று பொன்னிறமாகப் படுத்திருக்கிறது. அதன்மேல் நின்றால் ஒரு கையால் ஆற்றையும் மறு கையால் கடலையும் சுட்டிக் காட்டலாம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க எண்ணி 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயும் பூவாற்றைத் தொட்டே செல்கிறது. அவ்வேலை முற்றுப் பெறவில்லை. வெட்டிய பகுதியும் இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

அந்த மணல்மேட்டை நாங்கள் பொழி என்போம். அது என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. மழையற்ற மாதங்களில் கடலலை மணலை வாரிக் குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழை பெய்து ஆறு பெருகும்போது பொழி உடைந்து வழிவிடும். ஆகவே தைமாதம் நீங்கள் நின்று படம் பிடித்துக்கொண்ட இடத்தில் ஆனிமாதம் ஆறு ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

எங்கள் நாட்டின் பருவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடவம் பாதி கழிந்ததும், அதாவது ஜூன் தொடக்கத்தில், தென்மேற்கு மழை இறங்கும். அதற்கு 'எடவப்பாதி' என்றே பெயர். வட கேரளத்தில் கொட்டுமளவுக்கு எங்கள் பக்கம் கொட்டாது, ஆனாலும் ஆறு செந்நிறமாகிவிடும், கடல் கொந்தளிக்கும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் கேரளக் கடலில் இழுவைப் படகுகளுக்குத் தடை. ஆவணியில் மழை சற்று ஓயும், ஓணம் வரும், கண்ட இடமெல்லாம் பச்சை. ஐப்பசியில் வடகிழக்கு மழை. காலையில் வெயில், மாலையில் இடி. கார்த்திகையிலும் அது தொடரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனையருகே கடந்து, கடலில் இருந்த எத்தனையோ மீனவரை விழுங்கியது ஒரு கார்த்திகையில்தான். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை வானம் தெளிந்திருக்கும். காயலில் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நிறையக் காணலாம். காற்றும் இதமாக இருக்கும். படகுக் கூலியும் அப்போதுதான் ஏறும். பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும், மாவும் பலாவும் பழுக்கும், இடையிடையே கோடை மழையும் பெய்யும்.

இவ்வளவும் அறிந்தவன்தான் நான். அறிந்திருந்தும் ஒரு பிழை செய்தேன்.

2024-ஆம் ஆண்டு மார்ச் 29 பெரிய வெள்ளி. 31 உயிர்த்தெழுந்த ஞாயிறு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. நண்பர் இருவரை ஊருக்கு அழைத்துச் சென்றேன். ஒருவன் மன்னார்குடிப் பக்கத்தான். மற்றவன் தருமபுரி மாவட்டத்தான்; இருபது வயது வரையில் கடலைக் கண்ணால் கண்டிராதவன். "உன்னை ஆறும் கடலும் கூடும் இடத்திலேயே கொண்டு நிறுத்துகிறேன்" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை நெய்யாற்றின்கரையைச் சுற்றினோம். கிருட்டினசாமி கோவிலில் உள்ள அம்மச்சிப் பலாவைக் காட்டினேன். பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் மரம் அது. நாராயண குரு 1888-இல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறத்துக்கும் போனோம். ஞாயிறு காலை பூவாற்றுக்குப் புறப்பட்டோம். அன்றிரவே திரும்ப இரயில்.

வானில் முகில் ஒன்றுகூட இல்லை. காற்றும் இல்லை. திருநாள் ஆகையால் படகுத்துறையில் கூட்டம் குறைவு. வயது முதிர்ந்த படகோட்டி ஒருவர் வர இசைந்தார். இரமலான் நோன்புக் காலம் அது, அவர் நோன்பிருந்தார். அலையாத்திச் செடிகளின் ஊடே அமைதியாகப் படகைச் செலுத்தினார். தருமபுரி நண்பன் வாய் ஓயாமல் பேசி வந்தான். மணல்மேட்டை நெருங்கியதும் பெரியவர் படகை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடியே இருந்தார்.

"இறங்கண்டாம் மக்களே. இண்ணு கடலு சரியில்ல" என்றார்.

எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. கடல் நீலமாக, அழகாக இருந்தது. "பெரியவரே, இவன் கடலைப் பார்த்ததே இல்லை. இரவு இரயில் ஏறவேண்டும். ஐந்தே நிமிடம்" என்று கெஞ்சினேன்.

"கடலு எங்கேயும் ஓடிப்போவாது. பின்னே ஒரு நாள் வரலாம்."

நான் விடவில்லை. கரையோரத்தில் பிறந்தவன் என்ற செருக்கு. 'எனக்குத் தெரியாத கடலா?' என்ற எண்ணம். அவர் அரை மனத்தோடு படகை மணலில் ஏற்றினார். தாமும் எங்களோடு இறங்கினார். படகிலிருந்த நீண்ட கழியையும் கையில் எடுத்துக்கொண்டார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தருமபுரி நண்பன் நீரின் விளிம்புக்கு ஓடினான். குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாவில் வைத்துப் பார்த்தான். "மெய்யாகவே உப்புதான்!" என்று எங்களை நோக்கிக் கத்திச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியுமுன் கடல் மேலே வந்தது. சீறி வந்து மடியும் அலையாக அது வரவில்லை. அண்டாவில் நீர் நிறைவது போல் ஒரே சீராக உயர்ந்து, எங்கள் முழங்காலைக் கடந்து மணல்மேட்டின்மேல் ஏறியது. பிறகு அதே விசையோடு திரும்பியது. காலடியிலிருந்த மணல் கரைந்தோடிற்று. நானும் மன்னார்குடி நண்பனும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டோம். தருமபுரி நண்பன் நின்ற இடத்தில் அவனைக் காணவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு கை தெரிந்தது. பெரியவர் இடுப்பளவு நீரில் ஓடிக் கழியை நீட்டினார். நண்பன் அதைப் பற்றிக்கொண்டான். அடுத்த அலை எழுவதற்குள் மூவருமாகச் சேர்ந்து அவனை இழுத்துப் படகில் போட்டோம். முழங்காலிலும் தோளிலும் தோல் உரிந்து குருதி வழிந்தது. அவன் பையைக் கடல் கொண்டுபோயிற்று. இவையெல்லாம் நடந்து முடியப் பத்துப் பன்னிரண்டு மூச்சு நேரம்கூட ஆகியிராது.

துறைக்கு வந்ததும் எங்கள் மூவருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார் பெரியவர். நனைந்த உடையோடு, வறண்ட உதட்டோடு, தாம் ஒரு சொட்டும் பருகாமல் எதிரே அமர்ந்திருந்தார். என்னை ஒரு சொல் கடிந்துரைக்கவில்லை. கூலியாகப் பேசியிருந்த பணத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மிகுதியை என் கையிலேயே திணித்தார்.

அன்று பூவாற்றிலும் பொழியூரிலும் திருவனந்தபுரம் கடற்கரையின் வேறு பல ஊர்களிலும் கடல் புகுந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். வீடுகளை விட்டு மக்கள் வெளியேற நேர்ந்தது. இதற்கு எங்கள் கரையில் கள்ளக்கடல் என்று பெயர். கள்வனைப் போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயற்காற்று அடிக்கிறது; அது எழுப்பிய பேரலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்றுமில்லை, மழையுமில்லை. வானத்தைப் பார்த்து நாள் குறிப்பவன் ஏமாந்து போவான். மழைக்கு முந்திய வெயில் மாதங்களில், நமக்குத் தேர்வு முடிந்து விடுமுறை கிடைக்கும் அதே மாதங்களில், இது அடிக்கடி வருகிறது.

வீடு திரும்பியதும் நடந்ததைப் பாட்டாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பையனுக்க அம்மைக்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பே மக்களே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இன்றுவரை எனக்கு அதற்கு விடை தெரியாது.

ஐந்து வாரம் சென்றது. மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரைக் கடல் கொண்டுபோயிற்று. அதுவும் கள்ளக்கடல் நாளே. அச்செய்தி வந்த அன்று மாலை தருமபுரி நண்பன் என் அறைக்கு வந்தான். செய்தித்தாளை மேசைமேல் வைத்தான். ஒன்றும் பேசாமல் விளக்கேற்றும் வரை உட்கார்ந்திருந்தான். அந்த ஐவரும் நம் வயதினர். அவர்களுக்கும் தேர்வு, விடுமுறை, இரயில் நேரம் எல்லாம் இருந்திருக்கும்.

ஆகையால் தோழர்களே, 'எப்போது வரலாம்?' என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்லும் விடை சற்று நீளமானது. மார்கழி நடுவிலிருந்து மாசிக்குள் வாருங்கள், அதில் மாற்றமில்லை. மழையைக் காண ஆசையென்றால் ஆனி, ஆடியிலும் வாருங்கள். ஆற்றின் ஆரவாரத்தைக் கரையிலிருந்து பார்க்கலாம். ஆனால் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் பேரலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது; புறப்படும் அன்று காலையில் அதைப் பாருங்கள். துறைக்கு வந்ததும் அங்குள்ள படகோட்டியைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். திரும்பிப் போவதற்கும் ஒரு நாளைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு நாள் என்னிடம் இல்லாததால்தான் அன்று கெஞ்சினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் நல்ல மாதம் பார்த்து வருகிறோம், போகிறோம். பூவாற்றிலும் பொழியூரிலும் குடியிருப்போர் பன்னிரண்டு மாதமும் அக்கடலின் அருகில்தான் உறங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை தலைமுறை அறிவு இருக்கிறது என்பதை நான் விலை கொடுத்துக் கற்றேன். நல்ல வேளையாக, விலை ஒரு பையோடு நின்றது.

சென்ற வாரம் தருமபுரி நண்பன் மறுபடியும் கேட்டான்: "உங்கள் ஊர்க் கடலை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லையே, எப்போது போகலாம்?"

"தையில் போகலாம். நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொள்" என்றேன்.

"மூன்று நாள் போதாதா?"

"போதாது. ஒரு நாள் பெரியவருடையது" என்றேன். அவன் முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டே, சரி என்று தலையசைத்தான்.