கையில் எழுதிய நாமம்

திருவண்ணாமலை பேகோபுரத் தெருவில் பிறந்து, அத்தெருவிலேயே முதுமையும் எய்தியவள் நான். 69 வயதில் முதன்முதலாகப் பச்சை குத்திக்கொண்டேன் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். என் மகளும் முதலில் நகைத்தாள், பிறகு சினந்தாள்.

காரணம் என் அன்னை. அவருடைய வலது முன்கையில் கோலமும் தேளும் இருந்தன. இடது முன்கையில் ‘அண்ணாமலை’ என்னும் ஐந்து எழுத்துகள். எழுத்தறியாத அவருக்கு 12 வயதில் ஒரு குறத்தி குத்திய பச்சை அது. மஞ்சள்பொடியையும் அகத்திக்கீரையையும் துணியில் பொதிந்து திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களாம். அதைத் தாய்ப்பாலில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்களாம். வலி தெரியாதிருக்கப் பாட்டும் பாடுவார்களாம். “போகும்போது நகையெல்லாம் கழற்றிக்கொள்வார்கள், இது ஒன்றுதான் கூட வரும்” என்பார் அன்னை. எனக்கும் குத்திவிட அவர் விரும்பியபோது, பள்ளியில் கேலி செய்வார்களே என்று ஓடி ஒளிந்தேன்.

இறுதி இரண்டு ஆண்டுகள் அன்னையை நினைவு கைவிட்டது. என்னையே யாரென்று கேட்டார். ஆயினும் அவரது வலக்கை விரல் இடக்கை எழுத்துகளை வருடியபடியே இருக்கும். வருடும்போதெல்லாம் வாய் ‘அண்ணாமலை’ என்னும். கொடுமுடியில் சுந்தரர் அருளிய நமச்சிவாயத் திருப்பதிகத்தின் பொருளைத் தமிழாசிரியையாக வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது அன்னையின் படுக்கையருகில்தான்.

சென்ற ஆண்டு முதல் எனக்கும் பெயர்கள் நழுவத் தொடங்கின. மறதி நோயின் தொடக்கம் என்றார் மருத்துவர். அன்றிரவு எனக்கு எழுந்த அச்சம் ஒன்றே: அண்ணாமலையானின் பெயரும் போய்விடுமோ?

“பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன்” என்றேன் மகளிடம்.

“உடம்பில் ஊசியால் கீறிக்கொள்வது நம் சமயத்துக்கு அடுக்குமா, அம்மா?” என்றாள்.

திருத்தூங்கானைமாடத்தில் அப்பர் பெருமான், தம் உடலில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்தருளுமாறு வேண்டினார். பூதம் ஒன்று வந்து அவர் தோளில் அவற்றைப் பொறித்த வரலாற்றைப் பெரிய புராணத்தில் காண்கிறோம். வைணவ அன்பர்கள் சமாச்ரயணத்தின்போது இரு தோள்களிலும் சங்கு சக்கரப் பொறி ஏற்கிறார்கள். சத்தீஸ்கரில் ராம்நாமி என்போர் உள்ளனர். கோயிலுக்குள் விடப்படாத எளிய மக்கள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராம நாமத்தை உடலெங்கும் பச்சையாக எழுதித் தம் மேனியையே கோயிலாக்கிக்கொண்டார்கள். இவை எல்லார்க்கும் உரிய விதிகள் என்று நான் கூறவில்லை. திருநாமத்தை உடலில் தாங்குவது புதுமையன்று என்றே மகளிடம் கூறினேன்.

ஆனிப் பௌர்ணமியன்று கிரிவலம் சென்றபோது, வழியோரத்தில் மின்கல இயந்திரத்தோடு பச்சை குத்துபவர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஆவலோடு கையை நீட்டவிருந்தேன். எனக்கு முன்னிருந்தவரின் குருதியை ஒரு துணியால் துடைத்துவிட்டு, அதே ஊசியை மீண்டும் மைக்குள் தோய்த்தார். எழுந்துவிட்டேன். மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் இவ்வழியாகப் பரவக்கூடும்.

மருத்துவரிடம் கேட்டேன். “சர்க்கரை அடங்கட்டும், இல்லையேல் புண் ஆறாது” என்றார். மூன்று மாதம் நாவை அடக்கினேன். அபிஷேகப் பஞ்சாமிர்தத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரனிடம் கொடுத்துவிட்டேன். குருதியை இளக்கும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

புரட்டாசியில் நகரிலுள்ள ஒரு கடைக்கு மகளே அழைத்துச் சென்றாள். ஊசியின் உறையை எங்கள் கண்முன் பிரிக்கச் செய்தாள். மைக்கிண்ணமும் கையுறையும் புதியனவா என்று பார்த்தாள். “வலித்தால் சொல்லுங்கள், அம்மா” என்றார் அந்த இளைஞர். எறும்புகள் வரிசையாகக் கடிப்பது போலிருந்தது. ஐந்து எழுத்துகளும் அரை மணியில் முடிந்தன.

பேணுவதுதான் அரியது. தோலின் மேலடுக்கு நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. மை தங்குவது அதற்கு அடுத்த அடுக்கில். ஆகவே, அது ஆறும்வரை திறந்த புண்ணேயாம். தூய நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, ஒற்றித் துடைத்து, கூறிய களிம்பை மெலிதாகத் தடவினேன். பொருக்கு எழுந்து அரித்தது, சொறியவில்லை, பிய்க்கவில்லை. வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மறைத்தேன். தீர்த்தங்களில் அந்தக் கையை நனைக்கவில்லை. பழக்கத்தால் மஞ்சளோ திருநீறோ புண்மேல் இடக் கூடாது என்றார்கள். ஏறத்தாழ நான்கு வாரங்கள் அந்த முன்கை நீறின்றி இருந்ததுதான் ஊசியைவிட வலித்தது. பச்சை குத்திக்கொண்ட ஓராண்டுவரை இரத்த தானம் செய்யலாகாது என்பதையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கார்த்திகை தீபம் பதினொரு நாட்கள் மலைமேல் ஒளிர்ந்து அடங்கியது. மார்கழித் திருவாதிரையில் நடராசப் பெருமானுக்குச் சாத்திய தீப மையை நெற்றியில் இட்டுக்கொண்டேன். மகாதீபக் கொப்பரையில் படிந்த கரியல்லவா அது? அன்னையின் கையில் இருந்ததும் விளக்குக் கரிதானே என்று நினைத்துக்கொண்டு, ஆறிய கையில் அன்று நீறு பூசினேன்.

வீடு திரும்பும் வழியில் மகள் மெல்லக் கேட்டாள்: “சாமி பெயரை எழுதிக்கொண்டாய். என் பெயர் மறந்துபோனால் என்ன செய்வாய், அம்மா?” அத்தனை மாதச் சினமும் அதனால்தான் என்று அப்போதுதான் அறிந்தேன். என்னிடம் விடையில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டேன்.

அன்னையின் விரலுக்கு எழுபது ஆண்டுப் பழக்கம் இருந்தது. எனக்கு அத்தனை காலம் இல்லை. ஆகவே, நாள்தோறும் மாலை விளக்கேற்றியபின், மகள் என் வலக்கை விரலைப் பிடித்து, இடக்கையின் ஐந்து எழுத்துகள்மேல் ஒவ்வொன்றாக நகர்த்துகிறாள். இருவரும் சேர்ந்து சொல்கிறோம். முடிந்ததும் அவள் தன் பெயரையும் ஒருமுறை சொல்கிறாள். நான் திருப்பிச் சொல்கிறேன். இன்றுவரை இரண்டும் தவறவில்லை. அண்ணாமலையான் திருவருள்.