மூன்று ஆன் ராணிகளும் என் அன்னம்மாள் அக்காவும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் சரித்திர வாத்தியார் ராஜா ராணிகளின் பெயரையும் வருடத்தையும் ஒப்பிக்கச் சொல்வார். தப்பினால் விரல் முட்டியில் ஒரு போடு. என்னை அதிகம் அடி வாங்க வைத்தவர்கள் ‘ஆன்’ என்ற பெயர் கொண்ட ராணிகள்தான். ஒருத்தியின் வருடத்தை இன்னொருத்திக்குச் சொல்லிவிடுவேன்.

பிற்பாடு குமாஸ்தா வேலையில், ஒரே பெயரில் நான்கு பேருடைய ஃபைல் வந்தால் தகப்பனார் பெயரைப் பார்த்துப் பிரிப்போம். ரிட்டயரான பிறகு அந்த ராணிகளையும் அப்படியே பிரித்து, நிதானமாகப் படித்தேன்.

முதலாமவர் பிரத்தாஞ் நாட்டு ஆன். 11 வயதில் அந்த நாட்டுக்கே உரிமைக்காரி. 1491-இல் பிரான்சு ராஜா எட்டாம் சார்லசுக்கு வாழ்க்கைப்பட்டார். 1498-இல் அவர் வாசல் நிலையில் தலை இடித்துச் செத்துப்போக, அடுத்த ராஜா பன்னிரண்டாம் லூயிக்கு மனைவியானார். இரண்டு முறை பிரான்சுக்கு ராணி. ஆனால் பெற்றதில் தங்கியவை இரண்டு பெண் குழந்தைகள் மட்டுமே.

இரண்டாமவர் ஆஸ்திரியா ஆன். பிறந்தது ஸ்பெயினில், குலப்பெயர்தான் ஆஸ்திரியா. 1615-இல் கல்யாணம். பிள்ளை பிறந்தது 1638-இல். 23 வருடக் காத்திருப்பு! குழந்தைக்கு லூயி என்பதோடு ‘தியதொன்னே’ என்றும் பெயர் சேர்த்தார்கள். நம் ஊரில் ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்போமே, அதேதான். அவர்தான் பதினான்காம் லூயி.

மூன்றாமவர் இங்கிலாந்து ராணி ஆன். 17 முறை கர்ப்பம். ஒரே ஒரு மகன் 11 வயது வரை இருந்து, 1700-இல் அவனும் போனான். 1714-இல் ராணி இறந்ததும், ராஜ்யம் ஜெர்மனியிலிருந்து வந்த ஜார்ஜுக்குப் போயிற்று.

ஆன் என்பது வேதாகமத்தில் வரும் அன்னாள்தான். பிள்ளை வரம் கேட்டுக் கோவிலில் அழுதவள். அந்தப் பெயரையே இவர்களுக்கும் வைத்திருக்கிறார்கள்.

என் அக்கா பெயரும் அன்னம்மாள். அவளுக்கும் வயிற்றில் வந்தது எதுவும் தங்கவில்லை. என் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பிள்ளையைத் தூக்கிக் கோவிலுக்குக் கொண்டுபோக ஆசையாய்க் கை நீட்டினாள். “நீ வேண்டாம்டி” என்றார் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அக்கா கையை மடக்கிக்கொண்டு, சமையல்கட்டுக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

அவள் போய் எட்டு வருடமாகிறது. அந்த நாளைப் பற்றி நான் ஒருமுறையும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

இங்கிலாந்து ராணிக்கு 17 என்று புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வேன். கூடப்பிறந்தவளுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அக்காவோ அத்தையோ இருக்கலாம். அடுத்த விசேஷத்தில், பிள்ளையை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.