நிலவுத் தேரின் அரங்கேற்றம்

எந்த ஆக்கமும் உலகின்முன் வருதற்கு முன்னர்த் தேர்வார் முன்னிலையில் வந்து நிற்றல் வேண்டும் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறும். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதிலே தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிலேதான் மன்னன் அவையில் ஆடினாள். அவள் ஆடிய அரங்கோ 24 பெருவிரல் அளவுடைய கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அமைக்கப்பட்டது. அதற்கு நிலந்தேர்ந்த முறையை உரையாசிரியர் விரித்துரைப்பர். குழி தோண்டி, தோண்டிய மண்ணை மீண்டும் அக்குழியில் இட்டுப் பார்ப்பார்களாம். மண் மிகுமாயின் வன்பால், ஒக்குமாயின் இடைப்பால், குறையுமாயின் மென்பால். ஆடுபவளின் கால் படுமுன் அவள் காலடியில் அமையும் மண்ணையே பரிசோதித்தனர் நம்மவர்.

இப்பகுதியைப் பல ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். அதற்கு மிகப் பொருத்தமான உரை ஒன்று 2023 ஆம் ஆண்டிலே எனக்குக் கிடைத்தது. அதனை எழுதியவர் புலவரல்லர், பொறியியலாளர். எழுதப்பட்ட இடமும் ஏடன்று. சந்திரனின் தென்பாகத்துப் புழுதி.

அவ்வாண்டு யூலை 14 இல் சிறீகரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3, ஓகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரனில் இறங்கிற்று. விக்ரம் என்னும் இறங்குகலத்தின் சாய்பலகை வழியே பிரக்யான் என்னும் ஆறு சில்லு ஊர்தி மெல்ல இறங்கி வந்தது. அதன் நிறை 26 கிலோகிராம். நம் தோட்டத்துத் தாய் ஒருத்தி நாள் முழுவதும் பறித்து நிறுக்கும் கொழுந்தைவிடச் சிறிது மிகுதி. அதன் வேகம் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர். எறும்பும் அதனை முந்திச் செல்லும். இத்துணைச் சிறிய வண்டி சந்திரனிலே தடுமாறாது நடத்தற்பொருட்டுப் பூமியிலே எத்தனை ஆண்டு நடைபயின்றது என்பதை அறியுந்தோறும் வியப்பு மிகுகின்றது.

மழைக்காலத்தில் நம் தோட்டத்துப் பாதையிலே கொழுந்து லொறி சேற்றில் புதைவதைக் காணாதார் இலர். சில்லு சுற்றும், வண்டி நகராது. சுற்றச் சுற்றக் குழியே ஆழமாகும். இங்கே நாலு பேர் கூடிக் கல்லையும் கிளையையும் சில்லின்கீழ் இட்டுத் தள்ளிவிடுவர். சந்திரனிலே தள்ளுவார் யார்? செவ்வாயிலே சென்ற அமெரிக்க ஊர்தியாகிய ஸ்பிரிட் 2009 இல் மென்மணலிற் புதைந்தபோது, கலிபோர்னியாவிலிருந்த பொறியியலாளர் ஆய்வுகூடத்தில் அதுபோன்ற மணற்பரப்பை அமைத்து, அதன் இணை ஊர்தியைப் புதைத்து, மீட்கும் வழியைப் பல மாதம் ஆராய்ந்தனர். அத்தனை முயன்றும் அதனை மீட்க இயலவில்லை. ஆதலின் புதையாதிருத்தற்கு வேண்டிய பயிற்சியைப் புறப்படுமுன்னரே முடித்துவிட வேண்டும்.

அப்பயிற்சிக்கு மண் வேண்டுமே. சந்திரனின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனோர்தோசைட்டு என்னும் வெண்சாயற் பாறையால் ஆனவை. அப்பாறை தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் உண்டு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியற் பேராசிரியர் அன்பழகன் முதலிய அறிஞர் இதில் துணைநின்றனர். பாறையை வெட்டி, இடித்து, அரைத்து, சலித்துச் சந்திரப் புழுதியின் பருமனுக்குக் கொணர்ந்தனர். அவ்வட்டாரத்திலிருந்து ஏறத்தாழ 50 தொன் மண் பெங்களூருக்குச் சென்றது. அங்கே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கூடமொன்றில் அதனைப் பரப்பிச் செயற்கைச் சந்திர நிலம் ஒன்றை ஆக்கினர்.

மண் கிடைத்தது, பூமியின் ஈர்ப்பை என் செய்வது? சந்திரனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே. இங்கே மண்ணை நன்கு பற்றும் சில்லு அங்கே பற்றாது வழுக்கலாம். ஆகவே ஹீலியம் வாயு நிரப்பிய பலூன்களை ஊர்தியோடு பிணைத்து, அதன் பாரத்தை மேல்நோக்கித் தாங்கச் செய்து, சந்திரனில் அது எவ்வளவு பாரமாயிருக்குமோ அவ்வளவு பாரத்தோடு ஓட்டிப் பார்த்தனர். சூரிய ஒளி அங்கே விழும் வண்ணம் விளக்குகளையும் அமைத்தனர். நடைபயிலும் குழந்தையைத் தாய் அக்குளிற் கைகொடுத்துத் தூக்கி நடத்துவது போன்ற காட்சியன்றோ இது!

இத்தனையும் செய்த பின்னரும் முதன்முறை வெற்றி கிட்டவில்லை. வனிதா அவர்கள் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-2 இன் சுற்றுகலம் செவ்வனே இயங்கிற்று. ஆயினும் 2019 செப்டெம்பர் 7 இல் அதன் இறங்குகலம் தரையில் மோதி அழிந்தது. அதனுள்ளிருந்த முதற் பிரக்யான் ஓரடியும் வைக்காது மறைந்தது. அதன்பின் அவர்கள் செய்ததே நாம் கருதத்தக்கது. எவ்வாறு வெல்லலாம் என்று வினவுவதைவிட, எவையெல்லாம் பிழைக்கக்கூடும், பிழைத்தாலும் எவ்வாறு தப்பலாம் என்று வினவத் தொடங்கினர். 500 மீற்றர்ச் சதுரமாயிருந்த இறங்குகளம் 4 கிலோமீற்றர் நீளமும் 2.4 கிலோமீற்றர் அகலமுமாக விரிந்தது. கால்கள் உறுதியாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது. கலத்தைப் பாரந்தூக்கியிற் கட்டித் தொங்கவிட்டும், கால்களைச் செயற்கைச் சந்திர மண்ணில் மோதவிட்டும் சோதித்தனர். நான்கு ஆண்டு இவ்வாறு கழிந்தது. இம்முறை திட்ட இயக்குநராயிருந்தவர் விழுப்புரத்து வீரமுத்துவேல். இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். பல்தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்புளோமாக் கற்று, படிப்படியாக உயர்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

ஓகஸ்ட் 27 இல் பிரக்யானின் எதிரே, மூன்று மீற்றர் தொலைவில், நான்கு மீற்றர் அகலமான குழி ஒன்று தென்பட்டது. பெங்களூரிலிருந்தோர் அதனைத் திருப்பி வேறு வழியிற் செலுத்தினர். சந்திரனின் பகற்பொழுது முடியுமுன் அது 100 மீற்றருக்குச் சற்று மேலே நடந்து, மண்ணிலே கந்தகம் உண்டென்பதையும் காட்டிவிட்டு, செப்டெம்பர் தொடக்கத்தில் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டது. நெடிய இரவின் கடுங்குளிருக்குப் பின் அது விழிக்கவில்லை. எனினும் தனக்கு இட்ட பணியை அது முடித்திருந்தது.

நிற்க. இச்செய்தியை நான் வகுப்பிலே கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், எங்க அப்பாயியோட முன்னோருங்க நாமக்கல்லுப் பக்கமாம். அந்த மண்ணா சந்திரனுக்குப் போனிச்சு?” என்று கேட்டாள். “மண் போகவில்லை, பிள்ளை, அந்த மண்ணிலே நடைபயின்ற வண்டி போயிற்று” என்றேன். வகுப்பு சற்றுநேரம் மௌனமாயிருந்தது.

அம்மௌனத்தின் பொருளை இம்மலைநாட்டார் அறிவர். 1823 இல் கோப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் அழைத்துவரப்பட்டதன் 200 ஆம் ஆண்டு நினைவு அதே 2023 இல்தான் வந்தது. அதனை முன்னிட்டு யூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், சந்திரயான் வானிலே சென்றுகொண்டிருந்த நாட்களில் காட்டையும் மேட்டையும் கடந்து, ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்தோர்க்கு எவரும் பயிற்சிக்களம் அமைத்துத் தரவில்லை. மென்பால், வன்பால் பார்த்துத் தரவில்லை. வழியிலே மாண்டார் பலர். ஓர் இயந்திரத்தின் ஆறு சில்லுகளுக்குக் காட்டப்பட்ட பரிவு அவர்தம் கால்களுக்குக் காட்டப்படவில்லை. இயந்திரத்தின்மேல் எனக்கு அழுக்காறில்லை. அப்பரிவு மனிதப் பிள்ளைகளுக்கும் உரியது என்பதே என் கருத்து.

நாம் மாணவர்க்கு வைப்பது பரீட்சை. பொறியியலாளர் ஊர்திக்கு வைத்தது பரிசோதனை. இரண்டும் ஒன்றுபோற் தோன்றினும் வேறானவை. பரீட்சை சித்தியடைந்தோரையும் தவறியோரையும் பிரித்து நிறுத்திவிட்டுப் போய்விடும். பரிசோதனையோ குறையைக் கண்டு, குறித்து, பட்டறைக்கு அனுப்பித் திருத்தி, மண்ணை மட்டஞ்செய்து, மீண்டும் ஓடு என்று சொல்லும். ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தற் பயிற்சி பெற்ற காலத்திலே, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதிய விரிவுரையாளரை நினைக்கிறேன். பாடம் முடிந்ததும் மரநிழலில் அழைத்துச் சென்று, “இந்த இடத்திலே பிள்ளைகள் உம்மை விட்டுப் போய்விட்டார்கள், நாளை இதனையே வேறு வகையாகக் கற்பியும்” என்பார். இருபது ஆண்டு கழிந்தும் என் பாடங்கள் அந்த மரநிழலின் பயனாகவே நடக்கின்றன.

தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் போதாமை நெடுங்காலக் குறை. பல பிள்ளைகள் வினாத்தாளின் கடுமையை முதன்முதலாகப் பரீட்சை மண்டபத்திலேயே காண்கின்றனர். இது ஓட்டிப் பாராத ஊர்தியைச் சந்திரனுக்கு அனுப்புவதை ஒக்கும். விழாக் காணும் நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், ஓய்வுபெற்ற ஆசிரியரும் உளர். மண்டபம் கட்டித் தருவது நன்று. அதனினும் நன்று, மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, பத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்தம் விடைகளிலே எங்கே சில்லு வழுக்குகின்றதென்று கண்டு சொல்லுதல். செலவு பேருந்துக் கட்டணமே.

அவ்வாறு வருவோர்க்கு எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பறையும், கரும்பலகையும், நல்ல தேநீரும் ஆயத்தமாயிருக்கும்.