செல்லாத பணம்

ஹோட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பணம் கொடுக்க வழியின்றி விழிப்பவர்களைப் பற்றி ஹாஸ்யக் கதைகளில் படித்திருக்கிறேன். அவர்களை மாவாட்டச் சொல்வது சம்பிரதாயம் என்றும் கேள்வி. ஆனால், கை நிறையப் பணம் இருக்கும்போதே அந்தக் கதி எனக்கு நேரும் என்று நான் சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

2016-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி இரவு, என் தாயாருடன் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுக்கள் நள்ளிரவு முதல் செல்லாவென்று பிரதம மந்திரி 8 மணிக்கு அறிவித்திருந்தார். வண்டியில் ஒருவரும் தூங்கவில்லை. என் தோல் பையில், கிராமத்து வீட்டின் கூரையைப் பழுதுபார்க்க 18,000 ரூபாய் இருந்தது. அவ்வளவும் 1,000 ரூபாய் நோட்டுக்கள். சட்டைப் பையில் இரண்டு 500 ரூபாய் நோட்டுக்களும் 37 ரூபாய் சில்லறையும். 1946-லும் 1978-லும்கூடப் பெரிய நோட்டுக்களைச் செல்லாமற் செய்ததுண்டு. அப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் அத்தகைய நோட்டைக் கண்ணால் கண்டவர்களே கிடையாது. ஆகையால் எங்களுக்கு அநுபவம் போதாது.

காலையில் மதுரையில் இறங்கினோம். மைத்துனர் கார் கொண்டுவர 8 மணியாகும். தாயாருக்கோ நீரிழிவு, மாத்திரை போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். மாத்திரையை வண்டியிலேயே விழுங்கிவிட்டாள். ரயில்வே டிக்கெட்டுக்கும் பெட்ரோலுக்கும் இன்னும் மூன்று நாள் பழைய நோட்டு செல்லும் என்று சொன்னார்களல்லவா? ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் ஹோட்டலுக்கும் அந்தச் சலுகை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் தர்க்கம்!

நாங்கள் உட்கார்ந்த மேஜைக்கு எதிரில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். தலையில் அழுக்குத் துண்டு; கையில் ஈரச் சாக்கு மூடிய பூக்கூடை. உடனே நான் தோல் பையை எடுத்து மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன். அதற்குள் இருந்த காகிதத்துக்கு அன்று எந்தத் திருடனும் ஆசைப்பட்டிருக்க மாட்டான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. "ஏம்ப்பா, பூ என்ன விலை?" என்று தாயார் அவனோடு பேச்சுக் கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இட்டிலி, பொங்கல், காப்பி எல்லாம் சேர்ந்து 120 ரூபாய். கல்லாவில் 500 ரூபாய் நோட்டை நீட்டினேன். முதலாளி வாய் திறக்கவில்லை; தலைக்கு மேல் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை. விடிந்தது முதல் எல்லோரும் அதே நோட்டைத்தான் நீட்டினார்களாம். பாங்கிகளுக்கும் ஏ.டி.எம். யந்திரங்களுக்கும் அன்று விடுமுறை. கார்டு தேய்க்கும் யந்திரம் அங்கே இல்லை. "அப்படி ஓரமாக நில்லுங்கள், ஸார். ஆள் வந்ததும் கொடுத்துவிட்டுப் போகலாம்" என்றார். சாப்பிட வந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எழுபத்தாறு வயதுத் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை மட்டும் கனமாக இருந்தது.

"அம்மாவை நிக்க வைக்காதீங்க ஐயா" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பூக்காரன் இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை அவிழ்த்தான். எல்லாம் பத்து ரூபாய் நோட்டுக்கள், நாணயங்கள். தன்னுடைய கணக்கோடு எங்களுடையதையும் எண்ணி வைத்தான். அந்த ஹோட்டலில் அன்று காலை அவனைவிடப் பணக்காரன் கிடையாது.

நான் 500 ரூபாய் நோட்டை அவனிடம் நீட்டி, "பாங்கியில் மாற்றிக்கொள், மீதியும் உனக்குத்தான்" என்றேன், தாராளமாக.

அவன் சிரித்தான். "பாங்கில போயி நின்னா பூ வாடிப் போகுமே, சாமி!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

தாயார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரியில் மறுபடியும் மதுரைக்குப் போனேன். 120 ரூபாயை, எல்லாம் பத்து ரூபாய் நோட்டுக்களாகவே, ஓர் உறையில் போட்டு எடுத்துப் போனேன். ஸ்டேஷன் வாசலில் நாலைந்து பூக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்பும் போய் நின்றேன். அவனா, இவனா? தலைத் துண்டு எனக்கு நினைவிருந்தது, கூடை நினைவிருந்தது. எல்லோரிடமும் துண்டும் கூடையும் இருந்தன. யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது? உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"கொடுத்தாயா?" என்று தாயார் கேட்டாள்.

"ஆளை அடையாளம் தெரியவில்லை, அம்மா."

"ஏண்டா, இடது புருவத்தில் பெரிய தழும்பு இருந்ததே! அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?" என்றாள்.