யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் ஃபீஸ் கட்டுவது?

"காலமாச்சா? யாருடா காலமாயிட்டா?" என்று போனில் பதறினாள் அம்மா.

"யாரும் ஆகலைம்மா. அண்ணன் இருக்கிற ஊர் பேரு கலமஸூ. அங்கேதான் போறேன்."

"நல்லா வெச்சாங்க பேரு!"

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்கர்களிலேயே பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதில் சந்தேகமாம். 'ஆமாம், கலமஸூ என்று நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது' என்று பனியனில் அச்சடித்து விற்கிறார்கள்.

சிகாகோவிலிருந்து கிழக்கே ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இறங்கும்போது கடிகாரத்தில் இன்னொரு மணி நேரமும் கூடிவிட்டது. நடுவில் நேர எல்லை மாறுகிறதாம். மிஷிகன் மாநிலத்தின் தென்மேற்கில், முக்கால் லட்சம் ஜனத்தொகைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிற சின்ன நகரம். ஸ்டேஷனுக்கு அண்ணன் (பெரியம்மா பையன்) வந்திருந்தார். காரில் ஏறி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, சடாரென்று பிரேக் போட்டார்.

"என்ன அண்ணே, மாடா?"

"ஸ்கூல் பஸ்!"

எதிரே ஒரு மஞ்சள் பஸ், சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கமும் எதிர்ப் பக்கமும் மொத்த டிராஃபிக்கும் ஸ்தம்பித்தது. மலை மாதிரி ஒரு லாரிகூட மூச்சுவிடாமல் நின்றது. பஸ்ஸிலிருந்து ஒரே ஒரு பொடியன் இறங்கினான். ஷூ லேஸைக் கட்டினான். கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துப் பார்த்தான். பிறகு ராஜநடை போட்டு ரோட்டைக் கடந்து வீட்டுக்குள் போனான். அப்புறம்தான் உலகம் இயங்க ஆரம்பித்தது. முதலமைச்சர் கார் போகும்போதுதான் நான் இப்படி நின்றிருக்கிறேன்.

"இந்த ஊருக்கு முக்கியமான ஆளு அவன்தான்" என்றார் அண்ணன். அப்போது அதைத் தமாஷ் என்று நினைத்தேன்.

*

ஊர் ஒரு காலத்தில் ஓஹோவென்று இருந்த ஊர். டாக்டர் அப்ஜான் என்பவர் பெருவிரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும் மாத்திரையைக் கண்டுபிடித்து, 1886-இல் கம்பெனி ஆரம்பித்தது இங்கேதான். கிப்சன் கிடார் பிறந்தது இங்கே. பழைய ஹாலிவுட் படங்களில் ஓடும் 'செக்கர்' டாக்ஸிகளும் இங்கே செய்தவை. பேப்பர் மில்களும் உண்டு.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 1982-இல் டாக்ஸி உற்பத்தி நின்றது. 1984-இல் கிப்சன் நாஷ்வில்லுக்கு ஜாகை மாற்றியது. மில்கள் மூடின. அப்ஜான் 1995-இல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து, 2003-இல் ஃபைசர் கைக்குப் போனது. ஆபீஸில் ஆட்குறைப்பு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனவன் ஊரைவிட்டுப் போனான். அவன் பிள்ளைகளும் போயின. பள்ளிக்கூட வகுப்புகள் காலியாகத் தொடங்கின.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி 'பள்ளி மாவட்டம்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாவட்டம் என்றதும் கலெக்டரையும் ஜீப்பையும் நினைக்காதீர்கள். இது பள்ளிக்கூடங்களுக்காக மட்டுமே கோடு போட்ட ஒரு தனி ராஜ்யம். மேயருக்கு இதில் அதிகாரம் கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஏழு பேர் ஒரு சூப்பிரண்டெண்டென்டை நியமிக்கிறார்கள். (நமக்கு அந்த வார்த்தை ஜெயிலையும் ஆஸ்பத்திரியையும்தான் ஞாபகப்படுத்தும்.) கட்டடம் கட்டக் கடன் வாங்கணுமா? அதற்கும் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். கலமஸூ இருக்கும் கவுண்டியில் மட்டும் இப்படி ஒன்பது ராஜ்யங்கள்.

அடியேன் பி.காம். ஆகவே 'காசு எங்கிருந்து?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். மிஷிகனில் 1994-க்குப் பிறகு பள்ளியின் அன்றாடச் செலவுக்குப் பெரும்பாலும் மாநில அரசு, மாணவன் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறது. அதாவது ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போனால் பள்ளியின் வருமானமும் அந்த அளவுக்குக் குறையும்.

*

இந்த நிலைமையில்தான் 10 நவம்பர் 2005 வந்தது. அன்றைய கல்வி போர்டு கூட்டத்தில் சூப்பிரண்டெண்டென்ட் ஜானிஸ் பிரவுன் எழுந்து ஓர் அறிவிப்பு செய்தார். இந்த மாவட்டத்தில் குடியிருந்து, இதன் பள்ளிகளில் படித்து முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிஷிகனின் அரசுக் கல்லூரி, யுனிவர்சிட்டிகளில் படிக்க ஃபீஸ் இனாம்! மார்க் எவ்வளவு என்று கேட்பதில்லை. அப்பா சம்பளம் என்ன என்றும் கேட்பதில்லை. பணம் கொடுப்பது யார்? சொல்ல மாட்டார்கள். இன்றுவரை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, அதில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர் எழுதுகிற பரம்பரையில் வந்த எனக்கு இதை ஜீரணிக்கவே இரண்டு நாள் ஆனது.

திட்டத்தின் பெயர் 'கலமஸூ பிராமிஸ்'. அதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தால் 100 சதவீத ஃபீஸ். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தால் 85. ஒன்பதில் சேர்ந்தால் 65. அதற்குப் பிறகு வந்து சேர்ந்தால் பட்டை நாமம். பள்ளியை முடித்த பிறகு பத்து வருஷத்துக்குள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

விளைவு? பல வருஷங்களாகத் தேய்ந்து பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு வந்திருந்த மாணவர் எண்ணிக்கை, சில வருஷங்களில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. தலைக்கு இவ்வளவு என்று மாநில அரசின் பணமும் கூடவே வந்தது. 2010-இல் கலமஸூ சென்ட்ரல் பள்ளியின் பட்டமளிப்புக்கு ஒபாமாவே வந்து பேசினார்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். இங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். ஃபீஸ் கட்டிவிட்டால் மட்டும் பாடம் மண்டையில் ஏறிவிடாது. காலேஜில் சேர்ந்து பாதியில் நின்றவர்கள் உண்டு. ஆனாலும் பட்டமோ சான்றிதழோ வாங்கி முடிப்பவர்களின் விகிதம் மூன்றில் ஒரு பங்கு போல உயர்ந்திருக்கிறது என்று அதே ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் கணக்குப் பார்த்துச் சொன்னது. பெண் பிள்ளைகளுக்குப் பலன் அதிகமாம். பையன்கள் விஷயத்தில் அவ்வளவு சொல்வதற்கில்லையாம். நமக்குத் தெரியாத கதையா!

*

இனி அண்ணன் வீட்டுக் கதை. ஒரு மருந்து கம்பெனியில் வேலை, வாடகை வீடு, ஒரே பெண். ஐந்தாம் வகுப்பில் இங்கே சேர்ந்தவள், இப்போது எட்டாவது. அண்ணன் சொந்த வீடு பார்த்துவிட்டார். வாசலில் மேப்பிள் மரம், கீழே பேஸ்மென்ட், அண்ணி ஆசைப்பட்ட பெரிய சமையலறை. அட்வான்ஸ் கொடுக்க நாள்கூடப் பார்த்தாகிவிட்டது.

"விலாசத்துல கலமஸூன்னுதான் போட்டிருக்கு" என்று காகிதத்தைக் காட்டினார் பெருமையாக.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கணக்குப்பிள்ளை புத்தி. பள்ளி மாவட்ட வரைபடத்தை கம்ப்யூட்டரில் எடுத்து அந்தத் தெருவைத் தேடினேன். கோடு தெருவுக்கு முன்னாலேயே வளைந்து போய்விட்டது! தபால்காரரின் கலமஸூ வேறு, பள்ளிக்கூடத்தின் கலமஸூ வேறு. மேப்பிள் மரம் இருப்பது பக்கத்து ராஜ்யத்தில்.

அண்ணன் முகம் மாறியது. அண்ணி தோசைக் கரண்டியோடு வந்து நின்றார்.

"அந்தப் பக்கமும் நல்ல ஸ்கூல்தானேப்பா?" என்றார் அண்ணன்.

"நல்ல ஸ்கூல்தான். ஆனா பிராமிஸ் கிடையாது."

கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பெரிய யுனிவர்சிட்டியில் வருஷத்துக்குச் சுமார் 15 ஆயிரம் டாலர் என்று வைத்தாலும், நாலு வருஷத்துக்கு 60 ஆயிரம். அதில் 85 சதவீதம், 51 ஆயிரம். மேப்பிள் மரத்தின் விலை அது.

அண்ணன் ரொம்ப நேரம் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்தவன் கொடுக்கிற காசுக்காகப் பிடிச்ச வீட்டை விடறதா? கௌரவமா படலையே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

*

பதில் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இருந்தது. எண்பது வயதுக்கு மேல். பிள்ளைகுட்டி இல்லை. மறுநாள் தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தவரிடம் அண்ணன் பேச்சோடு பேச்சாக விஷயத்தைச் சொன்னார். தாத்தா சிரித்துவிட்டு 150 வருஷத்துப் பழைய கதையை எடுத்தார்.

கலமஸூ சட்டப்படி வெறும் கிராமமாக இருந்த காலம். ஆரம்பப் பள்ளிக்கு வரி போடலாம், சரி. ஹைஸ்கூலுக்கும் சூப்பிரண்டெண்டென்ட் சம்பளத்துக்கும் ஊரார் ஏன் வரி கட்டணும் என்று சில பெரிய மனிதர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். முன்னால் நின்றவர் சார்லஸ் ஸ்டூவர்ட், அமெரிக்க செனட்டில் இருந்தவர். 1874-இல் மிஷிகன் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் கூலி தீர்ப்பு எழுதினார்: ஹைஸ்கூலுக்கும் வரி வசூலிக்கலாம். நாட்டின் மற்ற மாநிலங்களில் இலவச ஹைஸ்கூல் பரவ அந்தத் தீர்ப்பு பெரிய துணையாக இருந்தது.

"அதனால இந்த ஊர்ல யாரும் சொந்தக் காசுல படிச்சதா சொல்லிக்க முடியாது" என்றார் தாத்தா. "எனக்குப் பிள்ளை இல்லை. ஆனா ஸ்கூல் கட்டடக் கடனுக்கு ஓட்டு வரும்போதெல்லாம் சரின்னுதான் போட்டிருக்கேன். போன வருஷம் ஆஸ்பத்திரியில எனக்கு ஊசி போட்ட நர்ஸ் இங்கே படிச்ச பொண்ணு. வலிக்கவே இல்லை!"

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. துடைப்பத்தை வாங்கி மீதி இலையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கிளம்புகிற அன்று காலை வாசலில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. தெருவே நின்றது. "போயிட்டு வரேன் சித்தப்பா!" என்று ஏறினாள் அண்ணன் மகள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அண்ணன் காரைக் கொஞ்சம் சுற்றி ஓட்டி, ஒரு பழைய வீட்டின் முன் நிறுத்தினார். பெயின்ட் உரிந்திருந்தது. மரம் கிடையாது. வாசலில் 'விற்பனைக்கு' போர்டு.

"கோட்டுக்கு உள்ளேதானே? மறுபடி ஒரு தடவை பாரு."

பார்த்தேன். உள்ளேதான்.

"மேப்பிள் கன்னு என்ன விலை இருக்கும்?" என்றார்.

ரயில் கிளம்பியதும் அம்மாவின் போன்.

"என்னடா, அந்தக் காலமான ஊர் எப்படி இருக்கு?"

"நல்லா உயிரோட இருக்கும்மா!" என்றேன்.