உங்க சாவி எங்கிட்ட... எங்க சாவி உங்ககிட்ட!

மே மாதம் குன்னூரில் ரூம் கேட்டுப் போன் போட்டிருக்கிறீர்களா? போட வேண்டாம். நான் போட்டேன். "ஒரு நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூறு சார், டிபன் தனி" என்றது ஒரு குரல். ஏழு ராத்திரிக்குக் கணக்குப் போட்டால் 31,500 ரூபாய். படுத்துத் தூங்குவதற்கு! பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரிச் செலவைப் பார்த்தால் தலை சுற்றுகிறதோ இல்லையோ, கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும்.

அப்போதுதான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு யோசனை சொன்னான். அவனுடைய பெரியப்பா குன்னூரில் ரிட்டயர்டு வாத்தியார். அவர் தங்கைக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆபரேஷன். தங்கை வீடோ ஒற்றை ரூம். அண்ணனும் அண்ணியும் வந்து ஒரு வாரம் துணைக்கு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜில் தங்கினால் பென்ஷன் பணம் கரைந்துவிடும்.

"உன் அசோக் நகர் வீடு ஆஸ்பத்திரியிலேருந்து ஆட்டோல பத்து நிமிஷம். நீ அங்க போ, அவர் இங்க வரட்டும். வாடகை கிடையாது, வவுச்சர் கிடையாது!"

இது ஒன்றும் புதுசில்லை. ஐரோப்பாவில் வாத்தியார்கள் சிலர் சேர்ந்து 1953-லேயே 'இன்டர்வாக்' என்று இதற்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். லீவு நிறைய, சம்பளம் கம்மி. வேறு யாருக்குத் தோன்றும் இந்த ஐடியா? நம்ம பெரியப்பாவும் வாத்தியார்தான் என்பதைக் கவனிக்கவும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். தர்மபத்தினி முறைத்தாள்.

"முன்ன பின்ன தெரியாதவங்க நம்ம சமையல் ரூமைப் பார்ப்பாங்களா? என்னங்க நீங்க!"

நகை போகுமே, டி.வி. போகுமே என்ற கவலையே இல்லை அவளுக்கு. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குதான் பிரச்னை! மூன்று நாள் தேய்த்தோம். கல்யாணமான இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது. அதை அனுபவிக்கப் போவது யாரோ!

அடுத்து ஹவுஸ் ஓனர். வாடகை வீட்டுக்காரர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள், சொல்லாமல் செய்தால் அப்புறம் சாமான்களோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். "ஒரு வாரம்தானே? குழாயை மட்டும் ஒழுங்கா மூடச் சொல்லுங்க" என்று பெருந்தன்மையாகச் சம்மதித்தார். எட்டு வருஷமாக நான் முறையிட்டும் அவர் மாற்றாத குழாய் அது.

மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைத்தேன். மே மாதம், ஏ.சி. ஓடத்தானே செய்யும்? பேங்க் பாஸ்புக் வகையறாவை ஒரு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு ஒரு பேப்பரில், 'வாசல் கதவை லேசாகத் தூக்கிச் சாத்தவும். மோட்டாரை இருபது நிமிஷத்தில் நிறுத்தவும். மேல் வீட்டுப் பாட்டி எதாவது கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள்' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை, சொந்த வண்டியே இல்லை. நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் பஸ்.

வீடு சின்ன ஓட்டு வீடு. கதவில் அவர்கள் ஒட்டியிருந்த பேப்பரைப் படித்ததும் பையன் குஷியாகிவிட்டான். 'ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம், குரங்கு வரும். சாயங்காலம் வாசலில் காட்டெருமை நின்றால் கத்த வேண்டாம், அதுவே போய்விடும்.'

இரண்டாம் நாளே நின்றது! கேட்டுக்கு வெளியே, அம்பாஸிடர் கார் சைஸில். நாங்கள் நாலு பேரும் ஜன்னல் வழியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வேலியோரப் புல்லை மேய்ந்துவிட்டுப் போனது. லாட்ஜில் இதற்குத் தனி சார்ஜ் போட்டிருப்பார்கள்.

சிம்ஸ் பார்க், டால்பின்ஸ் நோஸ் எல்லாம் பார்த்தோம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் இடம் கிடைத்தது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று பையன் ஸ்டேஷன் பெயர்களைக் கத்திக்கொண்டே வந்தான். ஆனால் எனக்குப் பிடித்தது காலை வேளைதான். பனியில் மப்ளர் கட்டிக்கொண்டு மார்க்கெட் போய், மண் போகாத கேரட்டும் பீன்ஸும் வாங்கி வருவேன். ஒரு பை வர்க்கி கூட. டூரிஸ்ட் என்று யாரும் பேரம் பேசவில்லை. "வாத்தியார் வீட்டுல தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டு ஒரு பிடி கொத்தமல்லி சும்மா போட்டார் காய்க்கார அம்மா.

ஐந்தாம் நாள் சனி பிடித்தது. டீ டம்ளர் எடுக்கப் போன என் கை பட்டு, ஷோகேஸில் இருந்த ஒரு பீங்கான் டீ-பாட் டமால்! மூடியில் மாணவர்கள் கொடுத்த ரிட்டயர்மென்ட் பரிசு என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்ஃபோர்டு, மவுன்ட் ரோடு என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். அதே மாதிரி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எழுத்து?

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் போன் போட்டேன். ஆபரேஷன் ஆன மனுஷியைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? முதலில் தங்கையின் உடம்பை விசாரித்தேன். "நேத்துதான் ஐ.சி.யூ.வுலேருந்து வார்டுக்கு மாத்தினாங்க தம்பி, கஞ்சி குடிச்சா" என்றார். அந்தத் தெம்பில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தம்பி... உங்க வீட்டு கிரைண்டர் முந்தாநாளே புகை விட்டு நின்னுபோச்சு. எப்படிச் சொல்றதுன்னு நானும் என் சம்சாரமும் ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டிருக்கோம்!"

கான்ட்ரா என்ட்ரி! இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து முடித்த பிறகு, "அந்த மூடி மட்டும் உடையலையே தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். உடையவில்லை. அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

சென்னை வந்து சேர்ந்தபோது கிரைண்டர் ரிப்பேர் ஆகி, மாவு அரைத்து ஃபிரிட்ஜில் இருந்தது. எட்டு வருஷமாக ஒழுகிய குழாய்க்குப் புது வாஷர். வாத்தியார் கைவேலை. கதவைத் தூக்காமலே சாத்தவும் முடிந்தது.

பையை இறக்கி வைப்பதற்குள் மேல் வீட்டுப் பாட்டி படியில் நின்றார்.

"வந்துட்டியா தம்பி? சரி... அவங்க மறுபடி எப்ப வருவாங்க?"